பூட்டுச் சத்தம் கேட்கும் வரை

வந்திருந்தவர்கள்: தலைவர் சேதுமாதவன், முதல் மாடி. பொருளாளர் நசீர் அகமது, இரண்டாம் மாடி. திருமதி ஹேமலதா, நான்காம் மாடி. திரு. குணாளன், தரைத்தளம். செயலாளர் புனிதவதி, மூன்றாம் மாடி. சிறப்பு அழைப்பாளர் பிரிட்டோ, மறதிக் கம்பெனி. அழைக்காமல் வந்தவர்கள்: ஒரு பூனை, தலைவர் நாற்காலியில் அதன் மூன்று குட்டிகள்.

கடைசி வரியைப் புனிதவதி வாசிக்கவில்லை. மற்றதெல்லாவற்றையும் வாசித்தாள், சத்தமாக, மூச்சு விடும் இடங்கள் பிசகாமல். முப்பது வருஷம் ரயில் நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்தவள். எந்த வண்டி எந்த நடைமேடை என்று சொல்லிச் சொல்லி, உப்புமா செய்முறை சொன்னால்கூட எங்கோ ஒரு ரயில் கிளம்பப்போகிறது என்று கேட்பவர்களுக்குத் தோன்றும். மருதம் ரெசிடென்சியில் சங்கம் தொடங்கிய நாளிலிருந்து இதுதான் வழக்கம். செயலாளர் பெயர்களை வாசித்தால் கூட்டம் ஆரம்பம். செயலாளர் கூட்ட அறைக் கதவில் வெளியிலிருந்து பித்தளைப் பூட்டைப் போட்டு மூன்று தடவை ஆட்டினால் கூட்டம் முடிந்தது. ஊரெல்லாம் முகம் பார்த்துத் திறக்கும் கதவுகள் வந்த பிறகும் இந்தச் சங்கம் பித்தளையிலேயே நின்றது. காரணம் மரபு அல்ல, கஞ்சத்தனம்.

"பூனை எப்படி உள்ளே வந்துச்சு?" என்றார் சேதுமாதவன். "ரூம் பூட்டித்தானே கிடந்தது?"

புனிதவதி ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வலை இருந்தது. சேதுமாதவன் குட்டிகளைக் கிளப்பப் பார்த்தார். தாய்ப்பூனை அவரை ஒரு பார்வை பார்த்தது. தலைவர் அன்று பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து தலைமை வகித்தார்.

வந்த காரியம் இதுதான். மூன்று வாரத்துக்கு முன்னால் இதே அறையில் நடந்த கூட்டத்தில், 'இதர விஷயங்கள்' என்ற இடத்தில் குணாளன் எழுந்து நின்றார். கப்பல் எஞ்சின் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவி இறந்து பத்து வருஷம் ஆனவர், கட்டடத்தின் தண்ணீர் மோட்டார் அவர் சொன்னால்தான் கேட்கும். அன்று எல்லாருக்கும் டீ போட்டு வந்தவரும் அவரே. பதற்றத்தில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டிருந்தார். நல்ல மனிதர் என்பதால் எல்லாரும் முகத்தைச் சுளிக்காமல் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"தரைத்தளத்துல நான் ஒருத்தன், மூணாம் மாடியில செக்ரட்டரி மேடம் ஒருத்தங்க," என்றார் குணாளன். "ரெண்டு வீடு, ரெண்டு மீட்டர், ரெண்டு குப்பைக்கூடை. ஒண்ணா இருந்தா மிச்சம்தானே. மேடம் சம்மதிச்சா."

புனிதவதியின் நெஞ்சுக்குள் ஏழு வருஷமாக நடைமேடைக்கு வராமல் வெளியிலேயே நின்றுகொண்டிருந்த ஒரு வண்டி சட்டென்று உள்ளே நுழைந்தது. அவள் வாயைத் திறந்தாள். பழகிய குரல்தான் வந்தது.

"இது அஜெண்டாவில் இல்லை."

ஹேமலதாவுக்கு டீ மூக்கு வழியாக வந்தது. சேதுமாதவன் விதிமுறைப்படி, "முன்மொழிவை வழிமொழிபவர் உண்டா?" என்று கேட்டார். நசீர் பாய் நல்ல எண்ணத்தில் கையைத் தூக்கினார். குணாளன் உட்கார்ந்தார். அதன் பிறகு அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மோட்டாரையும் பார்க்கவில்லை. நான்காம் மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை. அந்தக் கூட்டத்தை எல்லார் தலையிலிருந்தும் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் வீட்டை விற்றுவிட்டு மகன் வீட்டுக்குப் போய்விடுவதாக எழுதிக் கொடுத்தார்.

பார்த்தது கேட்டதெல்லாம் பதிவாகும் நினைவு நூலைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொள்வது இப்போது பல் கட்டுவது மாதிரி சாதாரணம்தான். கூட்டு மறதிச் சட்டமும் சுலபம். நடந்தபோது அங்கே இருந்த அத்தனை பேரும் சம்மதித்தால் நடந்ததை அத்தனை பேர் தலையிலிருந்தும் எடுக்கலாம். தண்ணீருக்காக மூன்று பேர் உடனே சம்மதித்தார்கள். யாரிடமும் இதுவரை சொல்லவில்லை என்று ஹேமலதா சத்தியமும் செய்தாள். அந்தச் சத்தியத்தை யாரும் உரசிப் பார்க்கவில்லை.

புனிதவதியும் சம்மதித்தாள். மறுத்தால் ஏன் என்று சொல்ல வேண்டும். ஐம்பத்து நான்கு வயதில் தன்னை ஒருவர் கேட்டது இதுதான் முதல் தடவை, அதற்குச் சரியென்று சொல்லத்தான் இருந்தாள், வெட்டிவிட்டால் அவருக்குக் கேட்டது மறந்துபோகும், தனக்குக் கேட்கப்பட்டதே மறந்துபோகும். இதையெல்லாம் எந்தத் தலைப்பின் கீழ் சொல்வது?

பிரிட்டோ ஒல்லியான மனிதன். பெட்டியை மேஜைமேல் வைத்தான். ஐந்து பேர் காதுக்குப் பின்னாலும் ஆளுக்கொரு கிளிப் மாட்டினான். சுவரில் ஒரு நீண்ட கோடு ஒளியாக விழுந்தது.

"இதுதான் உங்க அஞ்சு பேருக்கும் பொதுவா இருக்கிற நினைவு," என்றான். "இது சும்மா முன்னோட்டம்தான். மஞ்சள் பூசினது போகும், பூசாதது இருக்கும். நீங்க சரின்னு சொன்ன பிறகுதான் வெட்டுவேன்."

"போன கூட்டம், தேதி சொல்றேன், எழுதிக்க," என்றார் சேதுமாதவன்.

"தேதி வேலைக்கு ஆகாது சார். தலைக்குள்ள காலண்டர் கிடையாது. சத்தம், காட்சி, ருசி, இதெல்லாம் வரிசையா இருக்கும், அவ்வளவுதான். எங்க ஆரம்பம், எங்க முடிவுன்னு ரெண்டு குறி வேணும். எல்லார் தலையிலும் ஒரே மாதிரி இருக்கிற குறி."

குறிகளுக்குப் பஞ்சமில்லை. ஆரம்பத்துக்குப் புனிதவதியின் குரல், முடிவுக்குப் பித்தளைப் பூட்டு மூன்று தடவை ஆடும் சத்தம்.

"தங்கமான குறி," என்றான் பிரிட்டோ. "இப்படி ஒழுங்கா பூட்டுற சங்கம் நான் பார்த்ததில்ல."

புனிதவதி பூனையைப் பார்த்தாள்.

பிரிட்டோ தட்டினான். சுவரில் மஞ்சள் பரவியது. பரவிக்கொண்டே போனது. கோட்டின் இடது ஓரத்தில் தொடங்கி அறையின் நீளத்துக்கும் ஓடி வலது ஓரத்துக்குச் சற்று முன்னால் நின்றது.

"இது எவ்வளவு?" என்றார் நசீர் பாய்.

"ஏழு வருஷம்," என்றான் பிரிட்டோ தலையைச் சொறிந்துகொண்டு. "என் தப்புதான். மெஷின் தேடுற பேட்டர்ன்ல என்ன போட்டேன்னா, முதல்ல மேடம் குரல், அப்புறம் ஒரு புள்ளி, ஒரு நட்சத்திரம், கடைசில பூட்டு. புள்ளின்னா எது வேணா வரலாம். நட்சத்திரம்னா எவ்வளவு வேணா வரலாம். இந்த நட்சத்திரம் பேராசை புடிச்சது சார். ஒரு பூட்டுச் சத்தம் கேட்டா நிக்காது. இன்னொண்ணு இருக்கும், இன்னொண்ணு இருக்கும்னு கடைசி வரைக்கும் ஓடி, கடைசிப் பூட்டைப் புடிச்சுக்கிட்டுத்தான் நிக்கும்."

"பந்தியில கடைசிப் பாயசம் வரைக்கும் எந்திரிக்காத ஆள் மாதிரி," என்றார் நசீர் பாய்.

"அதேதான் பாய்."

"ஏழு வருஷமும் போனா என்ன?" என்றாள் ஹேமலதா யோசனையாக. "நான் பார்க்கிற சீரியல் ஆரம்பிச்சு ஆறு வருஷம் ஆச்சு. மறந்துட்டா முதல்லேர்ந்து பார்க்கலாம்."

"ஏம்மா, அதுக்கு நடுவுல உனக்குப் பேரன் பொறந்திருக்கான்," என்றார் சேதுமாதவன்.

"அவன் இருக்கத்தானே போறான். எங்க போயிடுவான்?"

குணாளன் அன்று முதல் தடவையாக நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். எஞ்சின் அறையில் இருந்தவருக்கு மானியைப் படிக்கத் தெரியும். எழுந்துபோய் மஞ்சள் முடிந்த இடத்தில் விரல் வைத்தார்.

"தம்பி, நான் உளறின கூட்டம் இதுக்கு அப்புறம்ல இருக்கு? மஞ்சளுக்கு வெளியே இருக்கு."

பிரிட்டோ பார்த்தான். உண்மைதான். ஏழு வருஷத்தை விழுங்கிய மஞ்சள் அந்த ஒரு கூட்டத்தை மட்டும் தொடாமல் விட்டிருந்தது.

"என் அதிர்ஷ்டம் அப்படி," என்று குணாளன் திரும்பி வந்து உட்கார்ந்தார். "கல்யாணம், காதுகுத்து எல்லாம் மறந்துடும். மானம் போனது மட்டும் நிக்கும்."

ஏன் என்று புனிதவதிக்குத் தெரியும். அன்று அவள் பூட்டவில்லை. அஜெண்டாவில் இல்லை என்று சொன்ன வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு மூன்று மாடி படியேறி ஓடினாள். லிஃப்ட் இருக்கிறது என்பதே ஞாபகத்துக்கு வரவில்லை. சாவி இடுப்பிலேயே இருந்தது. அந்தக் கூட்டத்துக்கு முடிவுக் குறி கிடையாது. முடிவு இல்லாததை மெஷின் எப்படிப் பிடிக்கும்? அவள் வாயைத் திறக்கவில்லை. பிடிக்காமலே போகட்டும் என்று இருந்தாள். செயலாளர் பதவிக்கு அது அழகில்லைதான்.

"நட்சத்திரத்துக்குப் பின்னால ஒரு கேள்விக்குறி போட்டா சரியாயிடும்," என்றான் பிரிட்டோ. "பேராசை போய் சோம்பேறித்தனம் வந்துடும். முதல் பூட்டு கேட்டதும் அப்பாடான்னு உட்கார்ந்துடும்."

தட்டினான். மஞ்சள் சுருண்டு ஒரு விரல்கடை அளவுக்குக் குறுகியது. ஆனால் இடது ஓரத்தில்.

"இது என்ன?"

"முதல் கூட்டம்," என்றான் பிரிட்டோ சலிப்புடன். "சே. எங்க நிக்கணும்னுதான் கேள்விக்குறி சொல்லும் சார், எங்க ஆரம்பிக்கணும்னு சொல்லாது. ஆரம்பம் எப்பவும் கண்ணுல படுற முதல் இடம். அங்கேயே ஆரம்பிச்சு அங்கேயே உட்கார்ந்துடுச்சு. சோம்பேறின்னு சொன்னேன்ல."

அதைத் தொட்டதும் காட்சி விரிந்தது. இதே அறை, சுண்ணாம்பு வாசனை போகாத புதுச் சுவர். ஏழு வருஷம் இளைய புனிதவதி பெயர் வாசிக்கிறாள். குணசீலன், தரைத்தளம். மைக் வாழ்க்கையில் அவள் செய்யாத பிழை. கடைசி வரிசையிலிருந்து கிரீஸ் கையோடு ஒருவர் எழுகிறார். "அவர் வரலைங்க. அவருக்குப் பதிலா நான் இருக்கேன், குணாளன். பரவாயில்லையா?"

சுவரில் இருந்த புனிதவதி சிரித்தாள். நாற்காலியில் இருந்தவள் சிரிக்கவில்லை.

"இது வேண்டாம்," என்றாள்.

"இதைத் தொடாதீங்க," என்றார் குணாளன் அதே நேரத்தில்.

மூன்று தலைகள் அவரைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தன. பூனையும் பார்த்தது. குணாளன் தொண்டையைச் செருமினார். "அதாவது, அந்தக் கூட்டத்துலதான் மோட்டார் பொறுப்பு எனக்கு வந்துச்சு. அதுக்காகச் சொன்னேன்."

பிரிட்டோ தண்ணீர் கேட்டான். புனிதவதி சொம்பில் கொடுத்தாள். கொஞ்ச நேரமாகவே அவளுக்கு ஒன்று கேட்கத் தோன்றிக்கொண்டிருந்தது.

"வெட்டினதும் என்ன ஆகும்? மயக்கம் வருமா?"

"ஒண்ணும் ஆகாது மேடம். ஞாபகம் மட்டும்தான் போகும். நிக்கிறவங்க நின்னுட்டே இருப்பாங்க, கையில இருக்கிற டீ கையிலயே இருக்கும். ஒரு கல்யாண வீட்டுல வெட்டினேன், பெரியவர் ஒருத்தர் விழுந்து விழுந்து சிரிச்சிட்டு இருந்தார். எதுக்குச் சிரிச்சோம்னு போயிடுச்சு. சிரிப்பு நிக்கல. பாவம், ரொம்ப நேரம் சிரிச்சார்."

"உனக்கு எங்க கதையெல்லாம் தெரிஞ்சுபோகுதே, பரவாயில்லையா?" என்றார் சேதுமாதவன்.

"எனக்கும் சாயங்காலம் வெட்டுவாங்க சார். ஆபீஸ்ல கார்டு தேய்க்கிற சத்தத்துலேர்ந்து மறுபடி தேய்க்கிற சத்தம் வரைக்கும். தொழில் கையில நிக்கும், யார் வீட்டுக்குப் போனேன்னு நிக்காது. கல்யாண வீட்டுக் கதையெல்லாம் கம்பெனி டிரெய்னிங்ல போட்டுக் காட்டினது, நான்தான் செஞ்சேனாம்." தண்ணீரைக் குடித்து முடித்தான். "ஒரு தடவை கேள்விக்குறி போட மறந்துட்டாங்க. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கார்டுலேர்ந்து அன்னிக்குச் சாயங்காலக் கார்டு வரைக்கும் ஒரே வழிப்பா வழிச்சிட்டாங்க. வீட்டு அட்ரஸ் கம்பெனி குடுத்துச்சு. போனேன். ஒரு அம்மா கதவைத் திறந்தாங்க. யாருங்கன்னு கேட்டேன். உன் பொண்டாட்டின்னாங்க."



"நம்பினீங்களா?" என்றாள் புனிதவதி.

"சொம்புல தண்ணி குடுத்தாங்க. வாங்கிக் குடிச்சேன். கை தானா சொம்பை எங்க வைக்கணுமோ அங்க வெச்சுது. ஜன்னல் ஓரமா. அப்புறம் நம்பாம என்ன பண்றது?" அவன் திரும்பிப் பெட்டியைத் தட்டினான். "நல்லவங்களாத்தான் இருக்காங்க. சரி, அந்தக் கூட்டத்துல மட்டும் வேற எதாவது விசேஷமா நடந்துச்சா? வேற எந்தக் கூட்டத்துலயும் இல்லாத ஒண்ணு?"

"டீயில உப்பு," என்றார்கள் நான்கு பேர் ஒரே குரலில். குணாளன் தரையைப் பார்த்தார்.

பிரிட்டோ உப்பையும் சேர்த்தான். பெயர் வாசிப்பு, அதை அடுத்து உப்பு டீ, அப்புறம் எது வேண்டுமானாலும், முதல் பூட்டோடு நிற்கவும். தட்டினான். மஞ்சள் சரியான இடத்தில் தொடங்கியது. சேதுமாதவன் கை தட்டினார்.

மஞ்சள் நிற்கவில்லை. கூட்டத்தைத் தாண்டி மூன்று வாரத்தைக் கடந்து, இன்று காலை, பூனை, பெயர் வாசிப்பு, சொம்புக் கதை எல்லாவற்றையும் மேய்ந்து கோட்டின் வலது முனைக்கு வந்து சேர்ந்தது. அங்கே முனை வளர வளர மஞ்சளும் கூடவே வளர்ந்தது.

"நீங்க இப்போ பேசினாக்கூட அதுல ஏறுது பாருங்க," என்றான் பிரிட்டோ. "அது பூட்டைத் தேடிக்கிட்டே வருது. அன்னிக்குப் பூட்டுச் சத்தமே கேக்கல. யார் பூட்டினது?"

எல்லாரும் பூனையைப் பார்த்தார்கள். பிறகு புனிதவதியைப் பார்த்தார்கள்.

"நான் பூட்டல," என்றாள். "ஓடிட்டேன்."

குணாளன் அவளை நேராகப் பார்த்தது மூன்று வாரத்தில் அப்போதுதான்.

"பரவாயில்ல மேடம்," என்றான் பிரிட்டோ. "வேலை இன்னும் சுலபம். எல்லாரும் சரின்னா நான் மெஷினைத் தயாரா வெச்சுடறேன். கிளிப் காதுலயே இருக்கட்டும். வெளியே போய்ப் பூட்டைப் போட்டு மூணு தடவை ஆட்டுங்க. அந்த நொடி வெட்டிடும். என்ன, அந்தக் கூட்டத்துலேர்ந்து இந்தப் பூட்டு வரைக்கும் மொத்தமும் போகும். இன்னிக்கு இங்க பேசினது, இனிமே பேசப்போறது, எல்லாம் சேர்த்து."

சரி, சரி, சரி என்றார்கள். குணாளனும் தலையாட்டினார். புனிதவதியின் தலை ஆடியதா என்று அவளுக்கே தெரியாது. பிரிட்டோ பொத்தானை அழுத்தினான். பெட்டியில் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரிந்தது.

அத்தோடு எழுந்து போயிருந்தால் ஒன்றுமில்லை. யாரும் எழவில்லை. மறக்கப்போகிற நேரம் ஒன்று கையில் இருக்கிறது என்று மெதுவாக உறைத்தது. மனிதனைக் காசு கொடுத்துக் கெடுக்கலாம், பதவி கொடுத்துக் கெடுக்கலாம். இதற்கு அதெல்லாம் தேவைப்படவில்லை.

நசீர் பாய்தான் ஆரம்பித்தார். "ஏம்மா ஹேமலதா, மறந்துதானே போகப்போறோம், சொல்லிடறேன். வருஷா வருஷம் தீபாவளிக்குக் குடுத்துவிடுற அதிரசம். தெருநாய்க்குப் போட்டேன். அதுவும் மோந்து பார்த்துட்டுப் போயிடுச்சு."

"ஏழு வருஷமுமா?"

"முதல் வருஷம் நான் சாப்பிட்டேன். அதனாலதான் ரெண்டாவது வருஷம் நாய்க்குப் போனது."

ஹேமலதாவின் முகம் சிவந்தது. அவள் பாயை விட்டுவிட்டுத் தலைவர் பக்கம் திரும்பினாள், சும்மா இருந்தவர் அவர்தான். "உங்க ஸ்கூட்டர் மேல குப்பைப் பை விழுதே, அது நான்தான் போடறேன். நாலாவது மாடியிலேர்ந்து. கீழ இறங்கி வரச் சோம்பலா இருக்கு."

சேதுமாதவன் ஸ்டூலிலிருந்து எழுந்தார். "கழுகுன்னு சர்க்குலர் விட்டேனே! கழுகு விரட்ட மொட்டை மாடியில பொம்மை வெச்சேனே!"

"பொம்மை அழகா இருந்துச்சு. அதான் சொல்லல."

"அப்போ கேட்டுக்க," என்று சேதுமாதவன் மூச்சிரைத்தார். "போன தேர்தல்ல ஜெயிச்சது நான் இல்ல. நீதான்! ஓட்டை எண்ணினது நானு. உன்னைத் தலைவராக்கினா கட்டடம் விளங்குமான்னு யோசிச்சேன், மாத்திச் சொல்லிட்டேன்!"

பிறகு யார் என்ன சொன்னார்கள் என்று பிரித்தறிய முடியாத அளவுக்குச் சத்தம். மின்சார அறையில் பாய் ரகசியமாக வைத்திருந்த இன்வெர்ட்டர், ஹேமலதாவின் கணவர் தலைவருக்கு வைத்த பட்டப்பெயர், அந்தப் பட்டப்பெயரை முதலில் யோசித்தது பாய் என்ற உண்மை. ஏழு வருஷமாகப் பொங்கலுக்குக் கரும்பு பரிமாறிக்கொண்டவர்கள். பிரிட்டோ சுவரைப் பார்த்து உட்கார்ந்து குட்டி ஒன்றைத் தடவிக்கொண்டிருந்தான். அவனுக்கு இது பழக்கம்.

அந்தக் கூச்சலுக்கு நடுவே குணாளன் தன் நாற்காலியை இழுத்துப் புனிதவதிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"மறந்துடப்போறோம். அதனால கேட்கிறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அன்னிக்கு அஜெண்டாவுல இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"சரின்னு."

குணாளன் அவள் பக்கம் சாய்ந்தார். "அப்புறம் ஏன் சொல்லல?"

"முப்பது வருஷமா எழுதிக் குடுத்ததைத்தான் படிச்சிருக்கேன். எழுதிக் குடுக்காததுக்கு என்கிட்ட குரல் கிடையாது." அவள் சேலை முந்தானையை முறுக்கினாள். "வண்டி வரும் போகும்னு ஊருக்கெல்லாம் சொன்னவ நான். என் வண்டி வந்தப்போ நடைமேடை தெரியல."

குணாளன் எழுந்தார். "தம்பி! நிறுத்து. எனக்கு வேண்டாம். நான் வாபஸ் வாங்கறேன்."

சத்தம் அறுந்தது. பிரிட்டோ நிதானமாகத் திரும்பினான். "ஒருத்தர் மறுத்தாலும் வெட்டக் கூடாது சார். நிறுத்திடலாம்."

"நிறுத்தறதா?" சேதுமாதவன் குரல் கீச்சென்று வந்தது. "யோவ், உனக்காகத்தானே நாங்க தலையைக் குடுத்தோம்? நான் என்ன சொன்னேன்னு கேட்டியா? நாளைக்கு லிஃப்ட்ல இவ மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"நான் முழிக்கிறேன், பாருங்க," என்றாள் ஹேமலதா. "தலைவர் நான்தான்." சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். "எனக்குப் பதவி வேண்டாம். அதிரசம் நல்லா இருக்குன்னு வருஷா வருஷம் பாத்திரத்துல பேரீச்சம்பழம் போட்டுத் திருப்பி அனுப்புவீங்களே பாய். நான் அதை நம்பிக்கிட்டு இருந்துடறேன். பூட்டுங்க."

நசீர் பாய் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். "பூட்டிடுங்கம்மா," என்றார் உள்ளிருந்து.

"அவங்க மூணு பேருக்கும் மட்டும் வெட்ட முடியாதா?" என்றார் குணாளன். "எங்க ரெண்டு பேரையும் விட்டுட்டு?"

"முடியாது சார். ஒருத்தர் தலையில மிச்சம் இருந்தாலும் அது மறதி இல்ல, ரகசியம். ரகசியத்துக்கு எங்க கம்பெனிக்கு லைசென்ஸ் இல்ல."

"நடுவுல எங்கயாவது நிறுத்தி, நடுவுல ஆரம்பிச்சு?"

"அதுக்கு நடுவுல குறி வேணுமே. இவங்க சண்டை போட்டதும் மேடம் சரின்னு சொன்னதும் ஒரே மூச்சுல கலந்து கிடக்கு. பிரிக்க முடியாது."

ஐந்து பேரும் இப்போது புனிதவதியைப் பார்த்தார்கள். சாவி அவள் இடுப்பில் இருந்தது. அவள் மூன்று முகங்களைப் பார்த்தாள். இந்த உண்மைகளோடு இந்தக் கட்டடத்தில் இனி ஒரு வருஷம்கூட ஓடாது. ஆளுக்கொரு வக்கீல் வருவார். கரும்பு வராது. உண்மை பெரியதுதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரே லிஃப்டில் போய்வர முடியாது. அவள் குணாளனைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

அப்போது அவள் கண் பிரிட்டோ குடித்து வைத்த சொம்பில் விழுந்தது. யாரும் சொல்லாமலே அதை அவன் ஜன்னல் ஓரமாக வைத்திருந்தான்.

"தம்பி," என்றாள். "வெட்டின பிறகு கையில இருக்கிற டீ கையிலயே இருக்கும்னு சொன்னீங்க."

"ஆமா மேடம்."

"கையில இன்னொரு கை இருந்தா?"

பிரிட்டோ அவளைப் பார்த்தான். வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தான். "அதுவும் அங்கேயேதான் இருக்கும்."

புனிதவதி எழுந்து நின்றாள். அந்தக் குரல் வந்தது, ஆனால் இந்தத் தடவை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. "தலைவர், பொருளாளர், திருமதி ஹேமலதா மூவரும் வெளியே செல்லவும். பிரிட்டோவும் பெட்டியோடு வெளியே செல்லவும். பூட்டு வெளித் தாழ்ப்பாளில் திறந்தபடி தொங்குகிறது. அழுத்தினால் பூட்டிக்கொள்ளும், சாவி தேவையில்லை. தலைவர் பூட்டி மூன்று தடவை ஆட்டுவார். நானும் திரு. குணாளனும் உள்ளே இருப்போம்."

"உள்ளேயா?" என்றார் சேதுமாதவன். "பூட்டினதும் நீங்க உள்ள இருக்கிறதே எங்களுக்கு மறந்துடுமே."

"மறக்கட்டும். சாவி என்கிட்ட இருக்கு. வேணும்கிறப்போ கதவுக்கு அடியில தள்ளி யாரையாவது கூப்பிட்டுக்கறோம்."

"வேணும்கிறப்போன்னா எப்போ?" என்றாள் ஹேமலதா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. அவளுக்கு அழுகையிலும் அது தெரிந்தாக வேண்டும்.

"அவசரமில்ல."

குணாளன் மட்டும் அசையவில்லை. "நான் கேட்டது எனக்கு மறந்துடும். நீங்க சொன்னது உங்களுக்கு மறந்துடும். அப்புறம் என்ன மிச்சம்?"

"ஏழு வருஷம் மிச்சம். இன்னிக்கு அதுக்கு ஒண்ணும் ஆகல. நீங்க குணசீலன் இல்லைங்கிறது எனக்கு ஞாபகம் இருக்கும்." அவள் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "உப்பு டீ போயிடும், அஜெண்டா போயிடும். நல்லதுக்குத்தான். பூட்டின ரூம்ல உங்க கையைப் புடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். ஏன்னு ரெண்டு பேருக்குமே தெரியாது. விடறதா வேண்டாமான்னு நாமதான் பார்த்துக்கணும்."

"விட்டுட்டா?"

"நீங்க விடுவீங்களா?"

கப்பலில் எஞ்சின் நின்றபோதெல்லாம் அவர் இப்படித்தான் யோசித்திருக்க வேண்டும். பிறகு பிரிட்டோவைப் பார்த்துத் தலையாட்டினார். "வாபஸை வாபஸ் வாங்கறேன், தம்பி."

நசீர் பாய் முதலில் வெளியே போனார், போகும்போது சும்மா இருக்காமல் கையைத் தூக்கி, "வழிமொழிகிறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார். ஹேமலதா இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். பிரிட்டோ மடியில் இருந்த குட்டியைத் தலைவர் நாற்காலியில் அதன் தாயிடம் விட்டான், பெட்டியை எடுத்துக்கொண்டான். "வெளியே எல்லாரும் என்னை யாருன்னு கேப்பாங்க மேடம்," என்றான். "எனக்கு அது பழக்கம்தான்."

குணாளன் கையை நீட்டினார். மூன்று வாரமாக மோட்டாரைத் தொடாத கை, ஆனாலும் கிரீஸ் வாசனை போகவில்லை. புனிதவதி விரல்களைக் கோத்து, போதாது என்று நினைத்து, இன்னொரு கையையும் மேலே வைத்தாள்.

"மூணு தடவை!" என்று வாசலைப் பார்த்துக் கத்தினாள். "நல்லா ஆட்டணும்! அரைகுறையா ஆட்டினா அதுக்குக் கேக்காது!"

"தெரியும்மா," என்றார் சேதுமாதவன் எரிச்சலாக. அவர் வெளியே போனார். கதவு அவருக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் இழுபட்டது, பூட்டின் கொக்கி உள்ளே போனது. ஒரு தடவை ஆடியது. குணாளன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் பிடியை இறுக்கினாள். இரண்டு. மூன்றாவது தடவை ஆட்டியபோது பூட்டு கெட்டியாகப் பிடித்திருந்தது.